டிரஸ்டில் அறங்காவலராக வரச் சொல்கிறார்கள்: எதைப் பார்த்துச் சம்மதிப்பது?

நொய்யல்கரை எழுதியது:

எங்கள் ஊருக்கு அருகில் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக ஒரு டிரஸ்ட் பகல்நேரச் சிறப்புப் பள்ளி நடத்துகிறது. நிறுவனர் என் அப்பாவின் நண்பர். சிறு வயதிலிருந்தே மாமா என்றுதான் அழைத்துப் பழக்கம். அறங்காவலர்களில் ஒருவர் காலமாகிவிட்டதால் அந்த இடத்துக்கு என்னை வரச் சொல்கிறார். "பெரிதாக வேலை ஒன்றும் இருக்காது தம்பி. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், சில கையெழுத்து, ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வந்தால் போதும்" என்றார்.

நான் ஒரு பம்ப் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். கணக்கு ஓரளவு தெரியும், சட்டம் தெரியாது. பள்ளியைப் பற்றிப் பெற்றோர்கள் நல்லவிதமாகத்தான் சொல்கிறார்கள், அதனால் மறுக்க மனமில்லை. ஆனால் "சில கையெழுத்து" என்று அவர் சாதாரணமாகச் சொன்னது உறுத்துகிறது. ஒரு நல்ல அறங்காவலர் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தணிக்கைத்தாள் எழுதியது:

ஐயா, உறுத்தியது நல்லது. முப்பது ஆண்டுக்கு மேல் டிரஸ்ட் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் டிரஸ்ட் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம் வேண்டும், அதற்குப் பின் செய்த திருத்தப் பத்திரங்கள் இருந்தால் அவையும் வேண்டும். அறங்காவலரை நியமிப்பது யார், நீக்குவது யார், பதவிக்காலம் உண்டா, வங்கிக் கணக்கை எத்தனை பேர் சேர்ந்து இயக்க வேண்டும், விலக விரும்பினால் என்ன வழி என்பதெல்லாம் அதில் இருக்கும், அல்லது இருக்காது. இல்லாமல் இருப்பதும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

அடுத்து, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. வரவு செலவுப் பட்டியலையும் இருப்புநிலைக் குறிப்பையும் மட்டும் தருவார்கள். தணிக்கையாளர் வருமான வரித் துறைக்குக் கொடுத்த படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். அறங்காவலருக்கோ அவருடைய உறவினருக்கோ டிரஸ்டிலிருந்து ஏதாவது பணம் போயிருந்தால் அதில்தான் தெரியும்.

மூன்றாவது, 12ஏபி (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) பதிவுகளின் காலாவதித் தேதி. முன்பெல்லாம் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். 2021-க்குப் பிறகு எல்லோரும் மறுபதிவு செய்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத டிரஸ்டுகளுக்கு 2025-இல் 12ஏபி பதிவை மட்டும் பத்தாண்டாக நீட்டினார்கள். புதுப்பிக்க மறந்தால் வரிவிலக்கு போவதோடு நிற்காது. டிரஸ்டின் சொத்து மதிப்புக்கே வரி விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிலமும் கட்டடமும் வைத்திருக்கும் பழைய டிரஸ்டுகளுக்கு இது உயிர் போகும் விஷயம். "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லாத குழுவை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்தான், தகவல் கொடுத்தால்.

சட்டம் சொல்வது இதுதான். 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் அதன் கோட்பாடுகளைப் பொது டிரஸ்டுகளுக்கும் நீதிமன்றங்கள் பொருத்திப் பார்க்கின்றன. விவேகமுள்ள மனிதர் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனமாக டிரஸ்ட் சொத்தைப் பார்க்க வேண்டும். சக அறங்காவலர் தவறு செய்கிறார் என்று தெரிந்தும் மறைத்தால் நீங்களும் பொறுப்பாளி. "நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்பது அங்கே எடுபடாது.

கரிசல் எழுதியது:

தணிக்கைத்தாள் ஐயா சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால், கூட்டத்தில் பேசியதை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகத்தை ஒருமுறை புரட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் குழுவின் ஜாதகம் தெரிந்துவிடும். நான்கு கூட்டத்துக்கும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே வரிசையில் கையெழுத்து, எல்லாத் தீர்மானமும் "ஒருமனதாக" என்றால் அங்கே கூட்டமே நடக்கவில்லை. மார்ச் மாதக் கடைசியில் யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அந்த வேலையை நானே ஒரு சங்கத்தில் பல ஆண்டு பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். காபி மட்டும் எல்லா வீட்டிலும் நன்றாக இருந்தது.

சிறப்பாசிரியை எழுதியது:

நான் இந்தத் துறையில் வேலை பார்ப்பவள். ஊழியர்கள் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன் அண்ணா.

பெரும்பாலான அறங்காவலர்களை நாங்கள் ஆண்டு விழா மேடையில் மட்டும்தான் பார்ப்போம். சால்வை போடுவோம், பிள்ளைகள் ஆடுவார்கள், கண்கலங்குவார்கள், போய்விடுவார்கள். மார்ச் மாதச் சம்பளம் மே மாதம் வந்தது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் சம்பளத்தில் பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தார்கள் என்பதும் தெரியாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பிஎஃப் கட்டாயம். பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம். கூட்டத்தில் யாராவது ஒருவர் "செலான் ரசீதைக் காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. முன்பு நான் வேலை செய்த பள்ளி ஒன்றில் ஓர் அறங்காவலர் நேராக எங்களுக்கே போன் செய்வார். "என் நண்பர் பிள்ளையை இந்த வகுப்பில் போடு", "அந்த ஆயாவை வேனில் அனுப்பாதே" என்பார். முதல்வர் ஒன்று சொல்வார், இவர் ஒன்று சொல்வார், நடுவில் நாங்கள் மாட்டிக்கொள்வோம். வராதவரைவிட இவர் கொடுத்த தொல்லை அதிகம்.

அதே குழுவில் ஓர் அம்மா இருந்தார். ஓய்வுபெற்ற செவிலியர். விழாவுக்கு வர மாட்டார், சாதாரண வேலை நாளில் முதல்வரிடம் சொல்லிவிட்டு வருவார். சமையலறை, கழிப்பறை, பிள்ளைகள் ஏறி இறங்கும் வேன் எல்லாவற்றையும் பார்ப்பார், எங்களிடம் ஒரு உத்தரவும் போட மாட்டார். அடுத்த கூட்டத்தில் கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி ஏன் இல்லை என்று கேட்டு, அதற்கு ஒரு தொகை ஒதுக்கித் தீர்மானம் போட்டுவிட்டுத்தான் எழுந்தாராம். முதல்வரே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

நீங்கள் போனால் சான்றிதழ்களைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி இப்படிப்பட்ட நிறுவனம் பதிவுச் சான்று இல்லாமல் இயங்கக் கூடாது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள், தேதி முடிந்திருக்கும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள். சத்துணவு சமைத்த இடத்திலிருந்து கூரைக்குத் தீ பரவியது. அதற்கு மூன்று ஆண்டு முன் ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் தீயில் இறந்தார்கள். சமையலறை எங்கே இருக்கிறது, வெளியே போகும் வழி எங்கே இருக்கிறது என்று நடந்து பார்க்க ஒருவருக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை.

அமராவதி எழுதியது:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே! எங்கள் ஊர் டிரஸ்டில் ஓய்வுபெற்ற கலெக்டர், பெரிய டாக்டர், மில் அதிபர் மூவரையும் சேர்த்த பிறகு நன்கொடை கூடியது. பெயருக்கும் ஒரு மதிப்பு உண்டு. எல்லா அறங்காவலரும் ரசீது எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

தேம்சு எழுதியது:

அமராவதி, பெயரால் பணம் வரும் என்பது உண்மை. அந்தப் பெயர்களில் யாராவது கேள்வி கேட்கிறார்களா என்பதுதான் அடுத்து எழும் சந்தேகம். அமெரிக்காவில் யுனைடெட் வே என்ற மாபெரும் நிதி திரட்டும் அமைப்பின் தேசியக் குழுவில் பெரிய பெரிய கம்பெனித் தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதேதான் அதன் தலைவர் வில்லியம் அரமோனி அமைப்பின் பணத்தைச் சொந்த வாழ்க்கைக்குச் செலவு செய்தார். பத்திரிகைகள் எழுதிய பிறகு 1992-இல் பதவி விலகினார், 1995-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. தங்கள் சொந்தக் கம்பெனியில் ஒரு ரூபாயை விடாதவர்கள் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. நல்ல காரியத்தில் குறுக்குக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கலாம்.

இலண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் அறங்காவலர்களில் நானும் ஒருவன். இங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம் கிட்ஸ் கம்பெனி. வறிய பிள்ளைகளுக்கு உதவிய அமைப்பு, மனம் கவரும் நிறுவனர், பிரதமர்கள் வரை செல்வாக்கு, குழுத் தலைவர் பிபிசியின் மூத்த அதிகாரி. அரசுப் பணம் கோடிக்கணக்கில் வந்தது, ஆனால் கையிருப்பு என்று ஒன்றும் சேர்க்கவில்லை. 2015 ஆகஸ்டில் மூடினார்கள். அறங்காவலர்களை இயக்குநர் பதவிகளிலிருந்து தடை செய்யக் கோரிய வழக்கை 2021-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்கள் நேர்மையானவர்கள், சம்பளம் வாங்காமல் உழைத்தவர்கள் என்று நீதிபதி சொன்னார். அதற்கு அடுத்த ஆண்டு, அற அமைப்புகளைக் கண்காணிக்கும் அறப்பணி ஆணையத்தின் அறிக்கை நிர்வாகத்தில் குறை இருந்தது என்று எழுதியது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். யாரும் திருடவில்லை, ஆனாலும் பிள்ளைகள் ஒரே நாளில் தெருவில் நின்றார்கள்.

அதிலிருந்து எங்கள் சிறு பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருள், "நாளைக்கே வருமானம் நின்றால் எத்தனை மாதம் வாடகையும் சம்பளமும் கொடுக்க முடியும்?" பொருளாளர் ஓர் எண் சொல்ல வேண்டும். ஒருமுறை அந்த எண்ணைக் கேட்டு எல்லோரும் வாயடைத்துப் போனோம். அந்த ஆண்டு பொங்கல் விழா மண்டபத்தை விட்டுவிட்டுப் பள்ளி மைதானத்திலேயே நடத்தினோம்.

விதைநெல் எழுதியது:

எல்லாம் படித்தேன். இனி ஒரு நிறுவனர் பேசட்டும்.

நான் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு ஒரு பயிற்சி மையம் நடத்துகிறேன். சம்பள நாளுக்கு முதல் நாள் என் வளையலை அடகு வைத்திருக்கிறேன். என் குழுவில் இருந்த "விவரமான" அறங்காவலர்கள் எல்லோரும் நன்றாகக் கேள்வி கேட்டார்கள். ஏன் கையிருப்பு இல்லை என்றார்கள். ஏன் திட்டமிடவில்லை என்றார்கள். கூட்டம் முடிந்ததும் காரில் ஏறிப் போனார்கள். கையிருப்பு வேண்டுமென்றால் யாராவது கொண்டுவர வேண்டுமே? எனக்கு ஒரு நன்கொடையாளரை அறிமுகம் செய்தவர் ஒருவர்கூட இல்லை. கேள்வி கேட்பவர் ஒரு கையைக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.

அப்புறம் உறவினர் விஷயம். இந்த இழையில் யாராவது அடுத்து அதைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்று தெரியும். பதினைந்து ஆண்டுக்கு முன், முன்பின் தெரியாத ஒருத்தி ஆரம்பிக்கும் டிரஸ்டில் அடையாள அட்டையையும் பான் அட்டையையும் கொடுத்துக் கையெழுத்துப் போட யார் வந்தார்கள்? என் கணவரும் தம்பியும்தான். இன்றைக்கு நிதி கொடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் "குடும்ப டிரஸ்டா?" என்று முகம் சுளிக்கிறார்கள்.

தணிக்கைத்தாள் எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வதில் முக்கால் பங்கு நியாயம். பணம் திரட்டுவதில் பங்கில்லாமல் கணக்கை மட்டும் நோண்டும் அறங்காவலர் பாதி வேலைதான் செய்கிறார். எல்லோரும் பணம் கொடுக்க முடியாது, ஆனால் எல்லோராலும் நாலு பேரை அறிமுகம் செய்ய முடியும். ஒரு விண்ணப்பத்தை உட்கார்ந்து எழுதித் தர முடியும்.

மீதிக் கால் பங்குக்கு வருகிறேன். கையிருப்பு வைக்கவே கூடாது என்று பல நிறுவனர்கள் நம்புகிறார்கள். "ஆண்டு வருமானத்தில் 85 சதவீதம் செலவழித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வரி" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மீதி 15 சதவீதத்தை எந்தக் காரணமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். 85-ஐச் செலவழிக்க முடியாவிட்டாலும், இன்ன நோக்கத்துக்கு என்று படிவம் கொடுத்து ஐந்தாண்டு வரை ஒதுக்கி வைக்கலாம். மூலநிதியாக வைத்துக்கொள்ளும்படி எழுத்தில் குறிப்பிட்டு வரும் கார்பஸ் நன்கொடை தனி. ஆண்டுக்கு ஒரு சிறு தொகையாவது நிரந்தர வைப்பில் போடச் சொல்லித் தீர்மானம் போட வேண்டியது குழுவின் வேலை. நிறுவனருக்குக் கண் முன்னால் எப்போதும் ஒரு பிள்ளை நிற்கும், அதனால் அவரால் சேமிக்க முடியாது. அதைத் தவறு என்று சொல்லவில்லை. அதனால்தான் பக்கத்தில் வேறு ஆட்கள் உட்கார வேண்டும் என்கிறேன்.

இடையில் ஒன்று. 80ஜி சலுகைக்கு ரொக்க நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் தாக்கல் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும். போன ஆண்டு இதை மறந்த ஓர் அமைப்பு கட்டிய தொகையில் ஒரு ஆயாவுக்கு நான்கு மாதச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

கல்வெட்டு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். டிரஸ்டைக் கவனிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே இருநூறு ஆண்டுக் கதை இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது தம் செல்வத்தை அறப்பணிகளுக்கு உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் கையில் அது சீரழிந்தது. வழக்கு பல பத்தாண்டுகள் ஓடியது. நீதிமன்றம் தலையிட்டு மீட்ட பணத்தில் பள்ளி தொடங்கியது 1842-இல்தான். பிறகு கல்லூரியாகி எத்தனை தலைமுறை படித்து வெளியே வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதே டிரஸ்டுக்கு அண்மைக் காலத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதிகளை இடைக்கால நிர்வாகிகளாக நியமிக்க வேண்டி வந்தது. உயிலில் நல்ல நோக்கம் எழுதிவிட்டால் நோக்கம் தானாக நடக்கும் என்று நம்புவோர் இதைப் படிக்கலாம்.

நெறியாளர்:

வரலாறு சுவையானது. ஆனால் கேள்வி கேட்டவர் காத்திருக்கிறார். பச்சையப்பன் கல்லூரி நினைவுகளுக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் ஆவணங்களைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உன் அப்பாவாக இருந்தால் கேட்டிருக்க மாட்டார்" என்றார். ஆனாலும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அனுப்பிவிட்டார்.

கணக்கு ஒழுங்காகவே இருக்கிறது, பதிவுகளும் நடப்பில் உள்ளன. இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. பள்ளிக் கட்டடம் அத்தையின் பெயரில் இருக்கிறது. டிரஸ்ட் அவருக்கு மாத வாடகை கொடுக்கிறது, இரண்டு ஆண்டுக்கு முன் அதை உயர்த்தியும் இருக்கிறார்கள். மினிட்ஸ் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டாவது, இப்போதுள்ள நான்கு அறங்காவலர்களில் மூவர் ஒரே குடும்பம். மாமா, அத்தை, அவர்கள் மகள். என்னையும், மாமா என்று நான் கூப்பிடும் உறவை வைத்துத்தான் அழைத்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

கரிசல் எழுதியது:

தம்பி, நைசாக ஒதுங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் நீங்கள் ஒரு ஓட்டு. நல்லது நடந்தால் அவர்கள் பெயர், கெட்டது நடந்தால் உங்கள் கையெழுத்து.

விதைநெல் எழுதியது:

கரிசல் ஐயா, எல்லோரும் ஒதுங்கினால் அந்தக் குழந்தைகள் எங்கே போவார்கள்? அந்த அம்மா தன் கட்டடத்தைக் கொடுத்திருக்காவிட்டால் பள்ளியே இருந்திருக்காது. வேறு எந்த வீட்டுக்காரர் நம் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்? அக்கம்பக்கத்தார் சத்தம் என்று புகார் சொல்லி இரண்டு கட்டடத்திலிருந்து எங்களைக் காலி செய்ய வைத்திருக்கிறார்கள்.

தணிக்கைத்தாள் எழுதியது:

வாடகை கொடுப்பதே தவறு என்று சட்டம் சொல்லவில்லை. அறங்காவலருக்கோ அவருடைய நெருங்கிய உறவினருக்கோ நியாயமான அளவுக்கு மேல் பலன் போனால்தான் வரிவிலக்குக்கு ஆபத்து. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வாடகை அந்தத் தெருவில் நடப்பு வாடகையா? அதற்கு மேலா, கீழா?

கீழே என்றால் அத்தை டிரஸ்டுக்கு உதவுகிறார் என்று பொருள். அதையும் எழுதி வையுங்கள், பின்னால் மரியாதையாக இருக்கும். மேலே என்றால் அடுத்த தணிக்கைக்குள் சரிசெய்ய வேண்டும். எப்படியிருந்தாலும் செய்ய வேண்டியது இது. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று கட்டட வாடகையை எழுத்தில் விசாரியுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதைப் பேசும் கூட்டத்தில் அத்தை வெளியே இருக்கட்டும், அவர் வெளியே சென்றார் என்பதையே மினிட்ஸில் எழுதுங்கள். மாமாவும் மகளும் உள்ளே இருந்தால் இதற்குப் பொருளில்லை என்பீர்கள். உண்மைதான். குடும்பம் அல்லாத இருவராவது குழுவில் இல்லாமல் இதை ஒழுங்காக முடிக்க முடியாது. நீங்கள் சேர்வதற்கு வைக்கும் நிபந்தனையாக இதையே வைக்கலாம்: "என்னோடு இன்னொருவரையும் எடுங்கள். ஒரு பெற்றோரை."

கணக்குக் கேட்பதை நம் ஊரில் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாதவர் அறங்காவலராக வரக் கூடாது. மாமாவிடம் பேசும்போது, "வெளியே யாராவது கேட்டால் பதில் சொல்ல என் கையில் தாள் வேண்டும்" என்று சொல்லுங்கள். அவருக்குக் கௌரவம் குறையாது.

சிறப்பாசிரியை எழுதியது:

பெற்றோரை எடுப்பது நல்ல யோசனை. ஆனால் அவர் பிள்ளை அங்கேயே படித்தால் வாய் திறக்கப் பயப்படுவார் ஐயா. படித்து முடித்து வெளியே போன பிள்ளையின் அம்மாவாகப் பார்த்து எடுங்கள். எங்கள் துறையில் அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

கரிசல் எழுதியது:

சரி, சேருங்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசுங்கள், எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். கேட்கவில்லை என்றால் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். நான் அப்படித்தான் வந்தேன்.

தணிக்கைத்தாள் எழுதியது:

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். நீங்கள் இருந்தது சங்கம். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975-இன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்றாண்டு, மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவித்தால் வேலை முடிந்தது. டிரஸ்ட் அப்படியல்ல. பொறுப்பை ஏற்ற அறங்காவலர், பத்திரத்தில் அதற்கு வழி இல்லாவிட்டால், தன் விருப்பத்துக்கு உதறிவிட்டு வர முடியாது என்பதுதான் அறக்கட்டளைச் சட்டத்தின் கோட்பாடு. நீதிமன்றம் வரை போக நேரும். கடிதம் கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வங்கியிலிருந்தும் வருமான வரித் துறையிலிருந்தும் கடிதம் வந்துகொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவில் லாப நோக்கில்லாத கம்பெனியாகப் பதிவான அமைப்பு என்றால் கதை வேறு. இயக்குநராக விலகுவது எளிது. ஆனால் மூன்றாண்டு தொடர்ந்து ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியில் மாட்டினால் ஐந்தாண்டுக்கு வேறெங்கும் இயக்குநராக முடியாது.

ஆகவே ராஜினாமாவைக் கடைசி ஆயுதமாக மனதில் வைத்துக்கொண்டு சேராதீர்கள். நடக்கக் கூடாதது நடந்தால் உள்ளே இருந்துகொண்டே எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்யத் துணிவு இருக்கிறதா என்று பாருங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில், டிரஸ்டில் அக்கறை உள்ள இருவர் நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போட முடியும். நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் வகுத்துத் தரும்படியும் கேட்கலாம். அதற்கு மினிட்ஸில் உள்ள உங்கள் ஒரு வரி எதிர்ப்பு பெரிய சாட்சி.

விதைநெல் எழுதியது:

இவ்வளவு பேசினோம், எல்லா நிறுவனரும் இரவில் நினைக்கும் விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. எனக்குப் பிறகு யார்? நொய்யல்கரை தம்பி, உங்கள் மாமாவுக்கு வயது என்ன? எழுபதைத் தாண்டியிருப்பார். மகளுக்கு இதில் விருப்பமா, அல்லது அப்பாவின் பேச்சைத் தட்ட முடியாமல் இருக்கிறாளா? அந்தக் குழந்தைகளில் சிலருக்கு அந்தப் பள்ளியை விட்டால் போக்கிடம் கிடையாது. நல்ல அறங்காவலர் என் வாடகை ரசீதைப் பார்த்த பிறகு, என்னை உட்கார வைத்து இதையும் கேட்க வேண்டும். என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் கோபப்படுவேன். ஆனாலும் கேட்க வேண்டும்.

நொய்யல்கரை எழுதியது:

விதைநெல் அம்மாவின் பதிவை மாமாவுக்கே படித்துக் காட்டினேன். "யார் இந்த அம்மா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் மகள் போன் செய்தாள். அவளுக்குக் கணக்குப் பார்க்கவும் அலுவலகம் அலையவும் விருப்பமில்லையாம், ஆனால் பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்குமாம். இதை அப்பாவிடம் இதுவரை சொன்னதில்லை என்றாள்.

வாடகையை விசாரித்துவிட்டேன். தெருவில் உள்ளதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஒப்பந்தம் எழுதத் தீர்மானம் வைக்க மாமா ஒப்புக்கொண்டார். முன்பு படித்து முடித்த ஒரு பையனின் அம்மா, அஞ்சலகத்தில் வேலை செய்பவர், அறங்காவலராக வரச் சம்மதித்திருக்கிறார். அவர் சேர்ந்தால் நானும் சேர்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சிக்கல் பாக்கி. பத்திரத்தில் "நிறுவனர் ஆயுள் முழுதும் நிர்வாக அறங்காவலர்" என்றும், அவருக்குப் பின் அவருடைய வாரிசு என்றும் இருக்கிறது. மகளே வேண்டாம் என்கிறாள். இதை மாற்ற முடியுமா?

தணிக்கைத்தாள் எழுதியது:

பத்திரத்தில் திருத்தம் செய்யும் அதிகாரம் யாருக்கென்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பிரிவு சொல்லும் வரம்புக்குள் துணைப் பத்திரம் பதிவு செய்யலாம். இல்லையென்றால் நீதிமன்றம்தான். நோக்கப் பிரிவை மட்டும் தொடாதீர்கள். அதைத் தொட்டால் 30 நாளுக்குள் வருமான வரித் துறையில் புதிதாகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர்களை மறைத்துவிட்டு அந்த இரண்டு பக்கத்தை மட்டும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.